வெந்த கல், உருகிய கல்

விமானம் தாழ இறங்கும்போது பொழிச்சலூரில் எல்லோரும் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார்கள். எத்தனை வருடம் அங்கேயே இருந்தாலும் அந்தப் பழக்கம் போகாது. குழாயடியில் குடத்தைத் தூக்கியவள் தூக்கியபடியே பார்ப்பாள். சைக்கிளில் போகிறவர் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொள்வார். எங்கள் வீட்டின் முன்பகுதியில் குடியிருந்த அவர் மட்டும் நிமிர மாட்டார். வானத்தின் அத்தனை இரைச்சலுக்கும் கீழே, தலையைக் குனிந்து, தோளில் ஒரு காக்கித் துணிப்பையோடு, தரையைப் பார்த்தபடி போய்க்கொண்டிருப்பார். அவரை நினைத்தால் இன்றும் எனக்கு முதலில் வருவது முகம் இல்லை, வகிடு. நெற்றியில் நேராகத் தொடங்கி, பின்னால் போகப் போகக் கொஞ்சம் இடது பக்கம் சாய்கிற வகிடு.

எண்பதுகளின் பிற்பகுதி அது. என் கணவர் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். நான் பல்லாவரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டு, வீட்டின் பின்பகுதியில் தனியாக இருந்தேன். மாடியில் வீட்டுக்கார அம்மா. முன்பகுதியில் அவர், அவரும் தனி. நகரத்தில் ஒரு கல்லூரியில் நிலவியல் விரிவுரையாளர். முப்பத்தேழு, முப்பத்தெட்டு வயதிருக்கும். அம்மா அப்பா இல்லை, வடக்கே எங்கோ ஒரு தம்பி. நான் அக்கா என்று கூப்பிட்டேன். தெருவில் கல்லு டீச்சர் என்றார்கள்.

குடிவந்த முதல் வாரம் பின்பக்கக் கதவைத் தட்டினார். ஏதோ கடன் கேட்க வந்திருக்கிறார், சர்க்கரையோ தீப்பெட்டியோ என்று நினைத்தேன்.

"உங்க துவைக்கிற கல்லைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்றார்.

நான் ஈரப் புடவையைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றேன். அவர் குத்தவைத்து உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீரை அந்தக் கல்லின்மேல் மெதுவாக ஊற்றினார். சாம்பலாய்க் கிடந்த கல் கறுத்து, நீலம் பூத்து, உள்ளே பழுப்புக் கண்ணாடித் துணுக்குகள் போல எதையோ காட்டியது. நான் தினமும் அடித்துத் துவைத்த கல். அதற்குள் நிறம் இருந்தது எனக்குத் தெரியாது.

"நனைஞ்சாத்தான் தெரியும்," என்றார். பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக்கொண்டு கல்லின்மேல் கவிழ்ந்தார். புடவையில் இருந்து தண்ணீர் சொட்டி என் காலடியில் குளம் கட்டியது. அவர் நிமிரும்போது நான் இன்னும் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, இல்லை, என் பாதங்கள் நின்றுகொண்டிருந்ததைப் பார்த்து, "சாரி" என்றார்.

பாதங்கள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குனிந்தே நடந்ததில் அவருக்கு மனிதர்கள் பாதங்களாகத்தான் பழக்கமாகியிருந்தார்கள். பால்காரரை வெடித்த குதிகாலாகவும், வீட்டுக்கார அம்மாவைப் பித்தவெடிப்புக்கு மஞ்சள் பூசிய விளிம்பாகவும், என்னைத் தேய்ந்த மெட்டியாகவும் அறிந்திருந்தார். ஒருமுறை நான் புதுச் செருப்பு வாங்கிப் போட்டுக்கொண்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அவருக்கு நேர் எதிரே நின்றேன். என்னைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே ஓடித் தோளைத் தொட்டேன்.

"என்னக்கா, தெரியாத மாதிரி போறீங்க?"

"நீயா? செருப்பை மாத்துனா சொல்ல வேண்டாமா?" என்றார். கேலியில்லை. நிஜமான வருத்தம் அது.

இந்தக் குனிந்த தலைதான் அவர் வாழ்க்கையில் நேர்ந்த பெரிய தவறுக்கும் காரணம். தவறு அவருடையது அல்ல, பார்த்தவர்களுடையது. வீட்டுக்கார அம்மா அதை அடக்கம் என்று நம்பினார்.

"இத்தனை படிச்சிட்டு, வேலைக்கும் போயிட்டு, தலை நிமிந்து ஒரு ஆம்பளையப் பாத்திருக்காளா? இந்தக் காலத்துல எந்தப் பொண்ணும்மா இப்படி இருக்கு?" என்பார் என்னிடம்.

"அவங்க கல்லைப் பாத்துக்கிட்டுப் போறாங்கம்மா."

"எதைப் பாத்தா என்ன. குனிஞ்சிருக்கா இல்ல?"

அதே சந்தையில்தான் அவர் எனக்குக் கண்டங்கள் எப்படி உண்டாயின என்று சொன்னார். பாடமாக இல்லை. அவருக்கு ஐஸ் பிடிக்கும். குச்சி ஐஸ், அதுவும் ரோஸ் கலரில். வண்டிக்காரரிடம் ஆளுக்கு ஒன்று வாங்கினோம். அவர் ஒரு பக்கம் நன்றாக உறிஞ்சிவிட்டு ஐஸை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாரு. கலரும் இனிப்பும் முதல்ல வந்துடுச்சு. மிச்சம் வெள்ளை ஐஸ். இல்லையா?"

"ஆமா, சப்புன்னு இருக்கும்."

"பூமியும் இப்படித்தான். முழுசா உருகாது. கொஞ்சம் உருகும். அந்தக் கொஞ்சத்துல லேசானது எல்லாம் மேல வந்துடும். அது உறைஞ்சு, மறுபடி உருகி, இன்னும் லேசானது இன்னும் மேல. அப்படி உறிஞ்சி உறிஞ்சி எடுத்த சாறுதான் இந்தத் தரை, நாம நிக்கிறது. கடலுக்கடியில இருக்கிற பாறைக்கு இந்த பாக்கியம் இல்ல. அது கனம். கண்டத்துல வந்து முட்டினா அடியில போயிடும்."

"போயி?"

"போயிட்டே இருக்கும்."

ஐஸ் வண்டிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். "இன்னாக்கா, ஐஸ்ல இம்மாங் கத கீதா?" என்றார். "ரோஸ் கலருக்கு மட்டும் தான், சேமியாவுக்கும் உண்டா?"

அக்கா யோசித்தார். கேள்வியை உண்மையாக எடுத்துக்கொண்டு, "சேமியா உருகாம கீழ நின்னுடும்," என்றார்.

இன்னொரு சாயங்காலம், மழை பிடித்துக்கொண்டு கரண்ட் போய், இருவரும் என் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தபோது நான் கேட்டேன். அடியில் போகிற பாறை அங்கே இருக்கிற சூட்டில் உருகிவிடுமா என்று.

"எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க," என்றார். "போறது ஜில்லுன்னு இருக்கும். கடலோட குளிர்ச்சி அதுல இருக்கு. அது சீக்கிரத்துல உருகாது. ஆனா தன்னோட கொஞ்சம் ஈரத்தை எடுத்துட்டுப் போகும். ஆழத்துல அமுக்கம் தாங்காம அந்த ஈரத்தை விட்டுடும். மேல இருக்கிற பாறை ஏற்கெனவே சூடாத்தான் இருக்கும், ஆனா கெட்டியா இருக்கும். இந்த ஈரம் பட்டதும் உருகிடும். சூட்டால உருகாதது ஈரத்தால உருகும்."

"அப்ப ஈரத்தைக் கொடுத்தது?"

"அது பாட்டுக்குக் கீழ போயிட்டிருக்கும். உருகினதுதான் மேல வரும். கொஞ்சம் எரிமலையா வெளியில வரும். நிறைய வெளியில வராம, தரைக்கு அடியிலயே தங்கி, ஆறி, கெட்டியாகி, கண்டத்தை அடியிலேருந்து தடிமனாக்கும். யாருக்கும் தெரியாது."

மழை கல்லின்மேல் பெய்தது. துவைக்கிற கல் நீலமாக இருந்தது. அப்போது எனக்கு மஸ்கட்டின் ஞாபகம் வந்ததா, அவருடைய தனி வாசலின் ஞாபகம் வந்ததா, சொல்லத் தெரியவில்லை. ஈரம் கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிற ஒன்றை நான் அதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

பம்மலுக்கும் திரிசூலத்துக்கும் இடையில் மலையின் பின்புறமாக அப்போது கல் குவாரிகள் இருந்தன. ஞாயிறு தவிர தினமும் சாயங்காலம் விசில் ஊதி, சிவப்புக் கொடி காட்டி, வெடி வைப்பார்கள். எங்கள் அலமாரியில் தம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அக்காவுக்கு அந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றும் எந்தத் திசை, எந்தப் பள்ளம் என்று தெரியும். அவற்றில் ஒரு குவாரியில்தான் அவருடைய மூலை இருந்தது.

ஒருநாள் என்னையும் கூட்டிப்போனார். சரிவில் இறங்கும்போது கல் அரைக்கும் கிரஷரின் தூளில் செருப்பு புதைந்தது. கீழே மேஸ்திரி பீடியைக் காதில் செருகிக்கொண்டு வந்தார்.

"வாங்க டீச்சரம்மா. இன்னா, இன்னிக்கி சாட்சிக்கு ஆள் இட்டாந்துக்கினீங்களா?"

"என் வீட்டுக்குப் பக்கத்துல இருக்காங்க."

"யக்கா, நீயாவது சொல்லு. ரெண்டு வர்சமா அந்த மூலைய விட்டு வச்சிக்கினு கீறோம். ஓனரு கேட்டா நான் இன்னா சொல்றது? கல்லுக்குள்ள புள்ள கீது, பொறந்தப்புறம் உடைக்கலாம்னா?"

சுற்றி எல்லாப் பக்கமும் வெட்டியெடுத்துவிட்ட பள்ளத்தில், அந்த மூலை மட்டும் ஒரு அறையின் சுவர் அளவுக்குத் துருத்திக்கொண்டு நின்றது. அக்கா பாட்டிலில் இருந்து தண்ணீரை அதன்மேல் வீசினார். வெளிறிய பாறை, மங்கிய வெண்ணெய் நிறத்தில். அதற்குள் கருநீலக் கட்டிகள் மிதந்துகொண்டிருந்தன. மிதந்தன என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அவற்றின் விளிம்புகள் உடைந்த கல்லின் விளிம்பு போல் கூராக இல்லை. எண்ணெயில் விட்ட தண்ணீர்த் துளி போல, நெளிந்து, வழுவழுப்பாக.

"கெட்டியான கல்லு உடைஞ்சு விழுந்திருந்தா ஓரம் கூரா இருக்கும்," என்றார். "இது நெளிஞ்சிருக்கு. ரெண்டுமே குழம்பா இருந்த நேரத்துல ஒண்ணுக்குள்ள ஒண்ணு வந்திருக்கு. கலக்கவும் இல்ல, பிரியவும் இல்ல. அப்படியே ஆறிடுச்சு."

விரலால் அந்த நெளிவைத் தொட்டுக்கொண்டே போனார். இருநூற்றைம்பது கோடி ஆண்டுகள் என்று ஏதோ சொன்னார். அவர் வாயில் கோடி என்பது வெகு சாதாரணமாக வந்தது. அடுத்த வாரம் என்பதுதான் தடுமாறும்.

விஷயம் இதுதான். பல வருடங்களாக அவர் ஒரு ஆராய்ச்சிப் பட்டத்துக்கு எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர், பல்லாவரத்துப் பாறை எல்லாம் ஏற்கெனவே இருந்த கல் ஆழத்தில் வெந்து மாறியது என்று நம்பினார். அக்கா, இல்லை, அது உருகிய கல் என்றார். இங்கே ஒரு காலத்தில் ஒரு கடல் இருந்தது, அதன் தரை கண்டத்துக்கு அடியில் போனது, அது விட்ட ஈரத்தில் உருகிய குழம்பு மேலே வந்து ஆறியதுதான் இந்த மலை என்றார். நாம் நிற்பது மலைமேல் இல்லை, கரைந்துபோன ஒரு பெரிய மலைத்தொடரின் அடிவேரில் என்றார். அத்தனை பழைய காலத்தில் அப்படி நடந்தது என்று சொல்ல அப்போது நிறையப் பேர் தயங்கினார்கள். கடலை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பாறை உருகியது என்பதையாவது காட்டிவிட்டால் மேற்கொண்டு பேசலாம். அதற்கு அவரிடம் இருந்தது அந்த மூலை ஒன்றுதான். போட்டோ எடுத்து அனுப்பினார். நிழலாகவும் இருக்கலாம் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். உடைத்து ஒரு துண்டைக் கொண்டுபோனார். கையகலத் துண்டில் என்ன தெரியும், இது எதோடு எப்படிச் சேர்ந்திருந்தது என்று பார்க்க வேண்டாமா என்றார் பேராசிரியர். அதுவும் நியாயம்தான் என்று அக்காவே சொன்னார்.

ஆகவே பேராசிரியர் நேரில் வர வேண்டும். அவர் வருகிறேன் என்பார். வர மாட்டார். மூலை காத்திருந்தது. மேஸ்திரி திட்டிக்கொண்டே காத்திருந்தார்.

திரும்பி வரும்போது நான் கேட்டேன். "வெந்ததா உருகினதான்னு தெரிஞ்சு என்னக்கா ஆகப் போகுது? கல்லு கல்லுதானே?"

செருப்பில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டார். "வெந்ததுன்னா அது இருந்த இடத்துலயே இருந்து கஷ்டப்பட்டுச்சுன்னு அர்த்தம்," என்றார். "உருகினதுன்னா எங்கிருந்தோ வந்திருக்கு. ஒண்ணு அடியில போனதாலதான் வந்திருக்கு. போனதுக்கு வேற அடையாளமே கிடையாது."

அந்த வருடம் கோடை முடியும் சமயம் இரண்டு காரியங்கள் ஒரே சமயத்தில் கூடிவந்தன. பேராசிரியர் திங்கட்கிழமை வருவதாக உறுதியாகச் சொன்னார். வீட்டுக்கார அம்மா ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வரனை வரச் சொன்னார். மாடம்பாக்கத்துக்காரர், மத்திய அரசு அலுவலகத்தில் கணக்குப் பிரிவு, மனைவியை இழந்தவர், குழந்தை இல்லை. அக்கா மறுக்கவில்லை. "வரட்டும்," என்றார். திங்கட்கிழமையின் சந்தோஷத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கும் சரி சொல்லிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை ஒரு சின்ன டப்பா வெள்ளைப் பெயிண்டும் பிரஷும் வாங்கிக்கொண்டு குவாரிக்குப் போனார். பேராசிரியர் எங்கெங்கே பார்க்க வேண்டும் என்று நெளிவுகளுக்குப் பக்கத்தில் வெள்ளைப் புள்ளிகள் வைத்தார். விரலில் பெயிண்டோடு திரும்பி வந்தார். மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டேன். "கோலத்துக்குப் புள்ளி வெச்ச மாதிரி இருக்கு," என்று சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்றும் குனிந்துதான் சிரித்தார்.

என் பகுதியில் இரண்டு நாற்காலிகளும் மொசைக் தரையும் இருந்ததால் பெண் பார்ப்பது அங்கேயே என்று முடிவாயிற்று. மாப்பிள்ளையும், பெருங்களத்தூரில் இருந்த அவருடைய தமக்கையும் வந்தார்கள். அக்காவுக்கு என்னுடைய மாம்பழ நிறப் பட்டுப்புடவையை உடுத்திவிட்டிருந்தேன். காபியைக் கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். தலை குனிந்திருந்தது.

பெருங்களத்தூர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "எங்களுக்கு இது போதும்," என்று வீட்டுக்கார அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். "மேற்கொண்டு என்ன கேக்கணும்?"

எனக்குத் தெரியும் அக்கா எதைப் பார்க்கிறார் என்று. மொசைக்கில் பதித்த சில்லுகளை. ஒரு பச்சைச் சில்லை ஆள்காட்டி விரலால் ரகசியமாகத் தடவிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளையும் அதைக் கவனித்திருக்க வேண்டும். அவர் கேலி செய்கிற மனிதர் இல்லை. "என்ன கல்லு அது?" என்று கேட்டார்.

"சலவைக்கல்தான். பச்சை வேற ஏதோ தாதுவால வந்திருக்கும்," என்றார் அக்கா, தரையைப் பார்த்தே.

"எங்க வீட்டுலயும் மொசைக்தான். நான் இதுவரைக்கும் உத்துப் பாத்ததில்ல."

"பாருங்க. நல்லா இருக்கும்."

பெண் பார்க்கும் இடத்தில் இப்படி ஒரு பேச்சு நடக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. காற்றில் ஏதோ லேசானது. அந்த நேரம்தான் தம்ளர்கள் குலுங்கின.

ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. அக்கா தலை நிமிர்ந்தார். நான் அறிந்து அவர் முழுதாக நிமிர்ந்தது அப்போதுதான். ஆனால் எதிரே இருந்தவரைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்தார், மலை இருந்த பக்கம். சத்தம் எந்தப் பள்ளத்தில் இருந்து வந்தது என்று அவருக்குக் கேட்டுவிட்டது. எழுந்தார். பட்டுப்புடவையின் கொசுவத்தை ஒரு கையில் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, செருப்பைக்கூடப் போடாமல் வாசலைத் தாண்டிப் போனார்.

"பொண்ணு எங்க போறாங்க?" என்றார் பெருங்களத்தூர் அம்மா.

நான் அக்காவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது மாப்பிள்ளையும் வந்துகொண்டிருந்தார்.

பள்ளத்தில் தூள் இன்னும் அடங்கவில்லை. மூலை இருந்த இடத்தில் வானம் இருந்தது. மேஸ்திரி ஊருக்குக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். அவசர ஆர்டர் என்று வேறு ஒரு செட் ஆட்களை வைத்து வேலை நடந்திருக்கிறது. டிரில் அடிக்கிறவர் எங்களைப் பார்த்ததும் பெருமையாகவே சொன்னார்.

"கவலப்படாதம்மா. நீ எங்கெங்க புள்ளி வச்சிக்கிறியோ அங்கங்கதான் ஓட்டை போட்டோம். ஒரு புள்ளி கூட மாறல. கல்லு சும்மா பூ மாதிரி பிரிஞ்சிச்சு."

குவாரியில் வெள்ளைப் புள்ளிக்கு ஒரே அர்த்தம்தான், இங்கே துளையிடு என்று. அக்காவுக்கு அது ஒருபோதும் தோன்றவில்லை. அவருக்கு அது, இங்கே பார் என்பது.

அவர் கத்தவில்லை, அந்த ஆளைத் திட்டவுமில்லை. பட்டுப்புடவையோடு இடிபாட்டில் இறங்கி, ஒவ்வொரு கல்லாகப் புரட்ட ஆரம்பித்தார். நானும் புரட்டினேன். மாப்பிள்ளை கைக்குட்டையால் மூக்கைக் கட்டிக்கொண்டு, பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். ஒரு கல்லை எடுத்தார்.

"இதுவா?"

"இல்ல."

இன்னொன்று.

"இது?"

"இல்லைங்க."

வெளிச்சம் குறையும்வரை அந்த இரண்டு குரல்கள்தான் பள்ளத்தில் கேட்டுக்கொண்டிருந்தன. இதுவா. இல்லை. ஒரு முறைகூட அவர் அலுத்துக்கொள்ளவில்லை. ஒரு முறைகூட அக்கா கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கடைசியில் வெளிறியதும் கருநீலமும் சேர்ந்த ஒரு துண்டு, தேங்காய் அளவுக்கு, மாப்பிள்ளையின் கையில்தான் கிடைத்தது. நீட்டினார். அக்கா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"இதுதான். ஆனா இது போதாது," என்றார்.

அவர் தலையாட்டினார். மடித்த பேண்ட்டை இறக்கிவிட்டுக்கொண்டு மேலே ஏறி, பஸ் ஸ்டாப் பக்கம் நடந்துபோனார்.

பேராசிரியர் அந்த ஒரு முறை சொன்ன நாளில் வந்தார். லாரிகள் பாதி அள்ளியிருந்தன. பள்ளத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அக்காவின் காயம்பட்ட விரல்களையும் பார்த்தார். "இருந்திருக்கலாம்," என்றார். இரக்கத்தோடுதான் சொன்னார். அந்தச் சொல்லை அக்கா வெகுநாள் வைத்துக்கொண்டிருந்தார். பால் பொங்கும்போதும் பூட்டைப் பூட்டும்போதும், இருந்திருக்கலாம் என்று முணுமுணுப்பார்.

பெருங்களத்தூர் அம்மா இந்த சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லியனுப்பினார். ஆனால் அந்த மனிதர் தனியாக வீட்டுக்கார அம்மாவிடம் பேசியிருந்தார். தனக்குச் சம்மதம் என்றும், நாக்பூருக்கு மாற்றல் வரப்போகிறது என்றும், அதற்குள் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றும்.

"ஒரே ஒரு வார்த்தைடி," என்றார் வீட்டுக்கார அம்மா. "நீ எழுந்து போன லட்சணத்துக்கு வேற எவன் வருவான்?"

அக்கா அந்தத் துண்டைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்த நெளிவு அங்கயே முடிஞ்சிருக்காதும்மா. மலைக்குள்ள வேற எங்கயாவது தொடரும். அடுத்த குவாரியில வெட்டும்போது வெளிய வரும். அதைப் பாத்துட்டுச் சொல்றேன்."

"எப்ப வரும்?"

"சீக்கிரம் வந்துடும்."

எனக்கு அந்தச் சீக்கிரம் பயமாக இருந்தது. கோடியில் எண்ணிப் பழகியவருக்கு ஒரு மாதமும் ஒரு வருடமும் ஒரே தடிமன். அவர் ஞாயிறுதோறும் பம்மல், திரிசூலம், பள்ளம் பள்ளமாக இறங்கினார். மழைக்காலம் வந்து பள்ளங்களில் தண்ணீர் நின்றது. மாற்றல் உத்தரவு வந்தது. அந்த மனிதர் நாக்பூர் போய்விட்டார் என்று வீட்டுக்கார அம்மா சொன்ன அன்று, அக்கா கேட்டுக்கொண்டு உள்ளே போய், கதவைச் சாத்தாமல், விளக்கையும் போடாமல் உட்கார்ந்திருந்தார். நான் வாசல்வரை போனேன். என் மெட்டி தெரிந்திருக்கும். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் நான் மஸ்கட் போனேன். தரையில் ஈரமே இல்லாத ஊர். எங்கு திரும்பினாலும் மலை, மேலே ஒரு புல் இல்லாமல் எலும்பாக. அங்கே என் கணவரும் நானும் ஒரே கூரைக்குக் கீழ் இருந்தோம். சண்டை கிடையாது. அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில், இருந்த இடத்திலேயே இருந்து வெந்தோம். ஏசியின் இரைச்சலில் படுத்துக்கொண்டு, பள்ளத்தில் கேட்ட அந்த இரண்டு குரல்களை நான் நினைத்துக்கொள்வேன். இதுவா. இல்லை.

தொண்ணூறுகளின் நடுவில் திரும்பி வந்தபோது ஒரு மாலை தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் அவரைப் பார்த்தேன். அகல ரயில் பாதை போடுவதற்காகத் தண்டவாளத்தை ஒட்டி ஜல்லியை மலை மலையாகக் கொட்டி வைத்திருந்தார்கள். எல்லாம் எங்கள் பக்கத்து மலைதான். பிளாட்பாரம் முடிகிற இடத்தில், அந்தக் குவியலுக்கு முன்னால், காக்கிப் பையோடு குனிந்து நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் ரயில்வே கேங்மேன் ஒருவர் சந்தேகமாக நின்றார். நான் போனதும் நிம்மதியாகி, "உங்க சொந்தமாம்மா? தெனம் வந்து இப்டித்தான் நின்னுகினு கீது. வண்டியில கிண்டியில உழுந்துடப் போவுதுன்னு நானும் பாத்துகினே கீறேன்," என்றார்.

"விழ மாட்டாங்க. கல்லு பாக்குறாங்க," என்றேன்.

"இதுல இன்னா கீது பாக்க," என்று நகர்ந்தார்.

அக்கா என் காலைப் பார்த்தார். "மெட்டியை மாத்தவே இல்லையே நீ," என்றார்.

கிடைத்ததா என்று கேட்டேன். இல்லை என்றார். வேறு யாரோ வேறு மலைகளில் அப்படி ஒன்றைப் பார்த்து எழுதியிருக்கிறார்களாம். இப்போது நிறையப் பேர் உருகியது என்றுதான் சொல்ல ஆரம்பித்திருக்கிறார்களாம். அதைச் சொல்லும்போது குரலில் வருத்தமும் இல்லை, மகிழ்ச்சியும் இல்லை. காலால் ஒரு ஜல்லியை நகர்த்தினார்.

பிறகு கேட்டார். "அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

யார் என்று நான் கேட்கவில்லை.

"நான் பாக்கவே இல்ல," என்றார். "இடது செருப்புல வார் புதுசா தைச்சிருந்தது. காலு நல்லா சுத்தமா இருந்தது. பள்ளத்துல அவ்வளவு நேரம் பக்கத்துலயே இருந்தார் இல்ல? கை ஞாபகம் இருக்கு. முகம் தெரியாது. நீ பாத்திருப்பே."

நான் யோசித்தேன். எவ்வளவோ முயன்றேன். கைக்குட்டைக்கு மேலே இரண்டு கண்கள், அதற்கும் மேலே.

"புருவம் வெள்ளையா இருந்துச்சுக்கா."

"அவ்வளவு வயசா அவருக்கு?"

"இல்ல. கல்லுத் தூளு. உங்க மூலையோட தூளு. தொடைச்சுக்காமலே பஸ் ஏறிப் போனாரு."

அக்கா, அத்தனை வருடத்தில் முதல்முறையாக, நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். தண்ணீர் ஊற்றிய கல்லைப் பார்ப்பது போல, அவசரப்படாமல், ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை பார்த்தார்.

"உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா," என்றார். "தெரியவே தெரியாது."

பீச் ஸ்டேஷன் போகும் வண்டி வந்தது. நான் ஏறினேன். அவர் ஏறவில்லை. ஜன்னலுக்கு வெளியே அவர் மறுபடி குவியலின் பக்கம் குனிவதைப் பார்த்தேன். அதே வகிடு, பின்னால் போகப் போக இடது பக்கம் சாய்ந்து. இரு பக்கமும் முடி வெளுத்திருந்தது. நரையா, தூளா, வண்டி நகர்ந்துவிட்டதால் தெரியவில்லை.